டிடிஎஸ் 210தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு – சந்துத் தண்ணியில் எங்கே கோளாறு?

சிரியம்_சந்து:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது பர்மாவுல ரங்கூன் பக்கத்துச் சிரியம், பெகு ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம். சந்துல 18 வீடு, எல்லாருக்கும் ஒரே அவீசி (ஆழ்துளைக் கிணறு), 180 அடி. கரண்ட் வரும்போது மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏத்துவோம், அங்கிருந்து குழாய்ல வீடுகளுக்குப் போகும். முன்னே குடிக்க யேதன் கேன்தான், அதாவது கடையில விக்கிற சுத்திகரிச்ச தண்ணி. விலை ஏறினதும் பாதி வீடு குழாய்த் தண்ணிக்கு மாறிடுச்சு.

மழை பிடிச்சு மூணு வாரத்துல ஆறு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ரெண்டு பேருக்கு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. மச்சான் டிடிஎஸ் பேனா (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவி) வாங்கி வந்து விட்டுப் பார்த்தார், 210. "இதைவிட நல்ல தண்ணி ரங்கூன்லயே கிடையாது"ங்கிறார். ஆனா குடத்துல பிடிச்சு வெச்சா மறுநாள் அடியில செம்மண் மாதிரி படியுது. பெரியவங்க அவீசியையே மூடச் சொல்றாங்க. புதுசா தோண்ட எங்ககிட்ட காசு இல்லை. எதை டெஸ்ட் பண்ணணும், எங்கே ஆரம்பிக்கணும்?

டீக்கடை_மாமா:
தம்பி, அந்தச் செம்மண் இரும்பு. பிடிக்கும்போது தெளிவா இருக்கும், காத்து பட்டதும் துருவாகி அடியில உக்காரும். சந்தேகம்னா அந்தத் தண்ணியில வெறும் டீ போட்டுப் பாரு, மை மாதிரி கறுக்கும். கொய்யா இலையைக் கசக்கிப் போட்டாலும் அப்படித்தான். எங்க கடைக்கு முதல் நாளே பிடிச்சு, காத்தாட விட்டு, மணல்ல வடிகட்டித்தான் அடுப்புல ஏத்துவோம். இல்லாட்டி ஒருத்தன் குடிக்க மாட்டான். ஆனா இரும்பால வயிறு போகாது, வேற காரணம் தேடு.

லேப்_அக்கா:
மாமா சொல்வது சரி. இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் ருசி கெடும், துணியில் கறை விழும். வயிற்றுப்போக்குக்கு அது காரணம் இல்லை.

தம்பி, உங்கள் மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. ஆர்சனிக் என்ற விஷமும் தெரியாது. சாக்கடைத் தண்ணீர் ஒரு டம்ளர் கலந்தாலும் அது 210, 215 என்றுதான் காட்டும். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் டெல்டாக் குளங்களில் கடல்நீர் புகுந்ததே, அந்த மாதிரி உப்பு பார்க்க உதவும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. நோய் வந்த பிள்ளைகள் சந்தில் எந்தெந்த வீடு? அதைச் சொல்லுங்கள். அதுவரைக்கும் 18 வீட்டிலும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். பிள்ளைகளுக்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கையிலேயே இருக்கட்டும்.

சிரியம்_சந்து:
அக்கா, இப்பத்தான் ஒவ்வொரு வீடா எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர்ல அஞ்சு பேர் கடைசி நாலு வீட்டுப் பிள்ளைங்க! தொட்டிக்குப் பக்கத்து வீடுகள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை. ஆறாவது பையன் நடு வீடு, ஆனா விளையாட்டெல்லாம் கடைசி வீட்டுலதான்.

பிளம்பர்_மோல்மேன்:
கடைசி வீடுகளுக்குப் போற குழாய் சாக்கடையைக் கடக்குதா? அங்கே யாராவது லைன்லேயே மோட்டார் வெச்சு உறிஞ்சுறாங்களா? கரண்ட் போய்த் தொட்டி காலியானா குழாய்ல அழுத்தம் இருக்காது. அந்த நேரத்துல மோட்டார் இழுத்தா, ஜாயிண்ட்ல மயிரிழை ஓட்டை போதும், வெளியே நிக்கிற சாக்கடைத் தண்ணி உள்ளே வந்துடும். கோடையில சாக்கடை காஞ்சு கிடக்கும், தெரியாது. மழை வந்தாத்தான் வினை. இந்த மாதிரி மூணு தெருவுல பார்த்திருக்கேன், மூணுலயும் முதல்ல கிணத்தைத்தான் திட்டினாங்க.

ரங்கூன்_29:
எதுக்கு இவ்வளவு தலைவலி? எல்லாரும் யேதன் கேன் வாங்கிக் குடிங்க, முடிஞ்சது.

சிரியம்_சந்து:
அண்ணே, வாங்க முடிஞ்சா இங்கே வந்து கேப்பேனா?
பிளம்பர் அண்ணே, ரெண்டும் ஆமாம். சாக்கடைக்குள்ளேயேதான் குழாய் போகுது. 17ஆம் வீட்டுல சின்ன மோட்டாரும் இருக்கு.

லேப்_அக்கா:
அப்படியானால் மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள்: அவீசி வாய், மேல்தொட்டி, 18ஆம் வீட்டுக் குழாய். ஒரே இடத்தில் எடுத்தால் கோளாறு இருப்பது தெரியும், எங்கே என்று தெரியாது.

குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு, ஆய்வுக்கூடம் கொடுக்கும் சுத்தம் செய்த பாட்டிலில் பிடியுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள், பாலத்து டிராபிக்கையும் கணக்கில் வையுங்கள். ஈ.கோலை என்ற மலக்கிருமி 100 மில்லிக்கு பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்று இரண்டு இருந்தால் பரவாயில்லை என்பதெல்லாம் கிடையாது.

காசு இடித்தால் முதலில் எச்2எஸ் பாட்டில் போட்டுப் பாருங்கள். 1982இல் இந்தியாவில் வந்த முறை. தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் மலக்கிருமி இருக்கும் பாட்டில் கறுக்கும். நம் ஊர் வெக்கையே அதற்குப் போதும். கிணற்றுத் தண்ணீரில் இயல்பாகவே அழுகிய முட்டை வாடை இருந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள், கிருமி இல்லாமலும் கறுக்கும்.

சிரியம்_சந்து:
ரிசல்ட். முட்டை வாடை எல்லாம் இல்லை. அவீசி பாட்டில் ரெண்டு நாளாகியும் கறுக்கலை. தொட்டியும் அப்படியே. 18ஆம் வீடு மறுநாள் காலையிலேயே கரி! ஜன்னல்ல வரிசையா வெச்சிருந்தேன், சந்தே வந்து பார்த்துட்டுப் போச்சு. 17ஆம் வீட்டு அண்ணன் ஒண்ணும் பேசலை, சாயங்காலம் அவரே மோட்டாரைக் கழட்டிட்டார். ஞாயித்துக்கிழமை குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போடப் போறோம். அதுக்கப்புறம் அப்படியே குடிக்கலாமா?

பிளம்பர்_மோல்மேன்:
உடனே குடிக்காதே. ப்ளீச்சிங் பவுடர் 33 சதவீதம்னா ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம். வாளியில கரைச்சுத் தெளிஞ்சதை மட்டும் தொட்டியில ஊத்து. எல்லா வீட்டுக் குழாயையும் திறந்து வாடை வந்ததும் மூடு. ஒரு முழு நாள் நிக்கட்டும், ஒருத்தரும் புழங்கக்கூடாது. அப்புறம் வாடை போற வரைக்கும் திறந்து விட்டுக் கழுவு. அதுக்கு முன்னே தொட்டி அடியில இருக்கிற இரும்புச் சேறை வழிச்சு எடு, இல்லாட்டி குளோரினை அதுவே தின்னுடும்.

லேப்_அக்கா:
கழுவி ஒரு வாரம் கழித்து 18ஆம் வீட்டில் மறுபடி பாட்டில் வையுங்கள். அதுவரை கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டாம். இன்னொன்று, அவீசித் தண்ணீரை ஒரு தடவையாவது ஆர்சனிக்குக்குக் கொடுங்கள். ஐராவதி டெல்டாக் கிணறுகளில் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நிறமும் இல்லை, ருசியும் இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

சிரியம்_சந்து:
கேட்டுட்டேன் அக்கா. 18 வீடும் பங்கு போட்டுக் கட்டுறோம், வியாழக்கிழமை மாதிரி கொடுக்கிறேன். மச்சானும் பங்கு தர்றேன்னுட்டார். பேனாவை மட்டும் இன்னும் சட்டைப் பையிலதான் வெச்சிருக்கார்.