எக்ஸ்3 வண்டியை 40 மி.மீ. தாழ்த்துவது: தொப்பூர் இறக்கத்துக்கு நல்லதா, ஊர்ச் சாலைக்குக் கெடுதலா?

தொப்பூர்ப் பயணி (தருமபுரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எக்ஸ்3. சாதாரண ஸ்பிரிங், சாதாரண ஷாக் அப்சார்பர். விறைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் மின்னணு ஷாக் இல்லை. 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை நிமித்தமாக வாரத்தில் மூன்று நாள் சேலம் போய் வருகிறேன்.

சென்ற மாதம் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இடப்பக்கம் ஒரு சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, அதன் பின்னால் வந்த வண்டி சட்டென்று என் தடத்துக்குள் புகுந்தது. நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்து மறுகணமே நேராக்கினேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, பின் மீண்டும் ஒருமுறை ஆடித்தான் அடங்கியது. பின்னிருக்கையில் இருந்த அம்மா கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் நிறையப் படித்து, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இணைந்த, உயரத்தையும் விறைப்பையும் மாற்றியமைக்கக்கூடிய காயில்ஓவர் ஒன்றைப் பொருத்தி வண்டியை 40 மி.மீ. தாழ்த்துவது என்று முடிவெடுத்திருக்கிறேன். இது அழகுக்காக அல்ல. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் வண்டிகளின் கவிழும் தன்மையை மதிப்பிட, இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்கிறது. அகலம் 1,640 மி.மீ., மைய உயரம் 680 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை 1.21. மையம் 40 மி.மீ. இறங்கினால் 1.28. எண் கூடக் கூட வண்டி கவிழ்வது கடினம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கில் குறை காணவில்லை. ஆனால் நீங்கள் நெடுஞ்சாலையிலேயே குடியிருக்கவில்லை; அதிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குப் போகிறீர்கள். எங்கள் தோப்புக்குப் போகும் வழியில் ஊர்க்காரர்களே ஜல்லியும் சிமென்ட்டும் கலந்து போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மாலை நேரான மூங்கில் குச்சியை அதன் மேல் வைத்து டேப்பால் அளந்தேன். உயரம் 17 செ.மீ.; அகலம் ஒரு முழத்துக்குச் சற்று கூட. உங்கள் வண்டியின் தரை இடைவெளி 204 மி.மீ. என்பதால் இப்போது 34 மி.மீ. மிச்சமிருக்கிறது. நீங்கள் சொல்லும் 40 மி.மீ. போய்விட்டால் வண்டியின் வயிறு அதன் மேல் உட்கார்ந்துவிடும். அதுவும் ஆள் ஏறாத, ஒரு பெட்டி மாம்பழம் கூட வைக்காத வண்டிக்கான கணக்கு.

தொப்பூர்ப் பயணி எழுதியது:

ஐயா, அந்த வேகத்தடை விதிப்படி கட்டப்பட்டது அல்ல. சாலை அமைப்புக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வரையறைப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். என் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான நீளம், 2,864 மி.மீ. அத்தகைய வேகத்தடையின் நடுவில் வண்டி நிற்கும்போது நான்கு சக்கரங்களும் அதன் சரிவிலேயே, தரையிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஆகவே முகடு சக்கரங்களைவிட 6 செ.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும். தாழ்த்திய பிறகும் எனக்கு 10 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது. விதியை மீறிக் கட்டிய ஒன்றுக்காக, தினமும் ஓட்டும் சாலையில் எனக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பை நான் ஏன் இழக்க வேண்டும்?

மாந்தோப்பு எழுதியது:

வேகத்தடை விதிப்படி இல்லை என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி (ஆயில் சம்ப்) அதில் மோதும்போது விதிப்புத்தகம் நடுவில் வந்து தாங்காது. பென்னாகரம் பக்கமும் பாலக்கோடு பக்கமும் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் சொன்ன அகலத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள்.

ஓசூர்ப் பட்டறை எழுதியது:

நான் பதினெட்டு ஆண்டுகளாக ஷாக், ஸ்பிரிங் வேலை மட்டுமே பார்க்கிறேன். இருவரும் தரை இடைவெளியைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைவிடப் பெரிய விஷயம் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம். வண்டி சமநிலையில் நிற்கும்போது, சக்கரம் மேலே ஏறி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பரைத் தொடும் வரையில் குறிப்பிட்ட தூரம் இருக்கும். பெரும்பாலான காயில்ஓவர்களில் உயரத்தைக் குறைப்பது என்றால் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை மரை வழியே கீழே இறக்குவதுதான். அப்போது ஷாக்கின் தண்டு அதே அளவு உள்ளே போய்விடுகிறது. 40 மி.மீ. தாழ்த்தினால், பள்ளத்தைத் தாங்குவதற்கென்று இருந்த தூரத்தில் 40 மி.மீ. போயிற்று. வளைவின் நடுவில் ஒரு குழியில் இறங்கும் சக்கரம் ரப்பரில் முட்டிய அந்தக் கணத்தில், ஸ்பிரிங் கிட்டத்தட்ட இல்லாத வண்டியாக அது மாறிவிடும். டயர் தரையை விட்டுத் துள்ளுவது அங்கேதான்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் முன்புறம் ஸ்ட்ரட் வகை, அதாவது ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து பிடித்து நிறுத்தும் அமைப்பு. அதைத் தாழ்த்தும்போது, சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் சாய்வு மாறி, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாயவைக்கும் விசையின் பிடி நீளுகிறது. அதை அடக்கத்தான் விற்பவர்கள் விறைப்பான ஸ்பிரிங்கைச் சேர்த்துத் தருகிறார்கள். உங்கள் 1.28 என்ற எண்ணும் சற்று மிகை. தாழ்வது உடல் பகுதி மட்டுமே, சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆகவே மொத்த மையம் 35 மி.மீ. அளவே இறங்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். 86,000 கிலோமீட்டரில் உங்கள் ஷாக்குகளை யாராவது கழற்றிப் பார்த்தார்களா? "மீண்டும் ஒருமுறை ஆடித்தான் அடங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். உயரமான வண்டி அதிகமாகச் சாயும்; அது உயரத்தின் குணம். சாய்ந்தபின் அடங்காமல் ஆடுவது ஷாக் தளர்ந்ததன் குணம்.

கல்குவாரி மகன் (கிருஷ்ணகிரி) எழுதியது:

நான் இதே வகை வண்டியில் காயில்ஓவர் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்புறம் 35, பின்புறம் 30 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருவுக்கு இதுவரை நூறு முறையாவது போயிருப்பேன். சூளகிரி தாண்டி வரும் நீண்ட வளைவுகளில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது. பட்டறைக்காரர் சொல்லும் குறை எல்லா வகைக்கும் பொருந்தாது. ஷாக்கின் அடிப்பகுதியையே மரை வழியே சுற்றி உயரத்தைக் குறைக்கும் வகை இருக்கிறது. அதில் தண்டின் தூரம் குறையாது.

ஆனால் பராமரிப்பு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். எங்கள் பக்கத்துக் கிரானைட் தூசி மாவு போல மென்மையானது. மழையில் நனைந்து மரையின் பள்ளங்களில் இறங்கிக் காய்ந்தால் சிமென்ட் மாதிரி கெட்டியாகிவிடும். முதல் மழைக்காலத்துக்குப் பிறகு பூட்டு வளையத்தைச் சுற்ற முயன்றபோது, வளைந்த ஸ்பேனர் நழுவி அலுமினியத்தில் தழும்பு விழுந்ததே தவிர வளையம் அசையவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷால் மரையைத் தேய்த்து, தூசி பிடிக்காத உலர்ந்த மசகு பூசுகிறேன். அரை மணி நேர வேலைதான். அதற்குக் கிடைக்கும் பலன் பெரிது.

ஓசூர்ப் பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் வகையில் தண்டின் தூரம் குறையாது என்பது சரி. ஆனால் அப்போது டயர் அதே தூரம் மேலே ஏறும். மட்கார்டோ 35 மி.மீ. கீழே வந்துவிட்டது. உங்கள் முன் சக்கரத்தை முழுக்க ஒடித்துவிட்டு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். அங்கே பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால், உங்கள் பம்ப் ஸ்டாப் இப்போது அந்த மறைப்புதான். கூடவே டயரின் உட்பக்க ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். தாழ்த்தியபின் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி, உள்நோக்கிச் சாய்வதும், அதோடு டோ, அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நோக்கும் திசை, மாறுவதும் வழக்கம். வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள், உள்ளே கம்பி தெரியும் வரை கவனிப்பதில்லை.

கல்குவாரி மகன் எழுதியது:

பார்த்தேன். இடப்பக்க மறைப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தடம் இருக்கிறது. டயர் நன்றாகவே இருக்கிறது, ஏனெனில் பொருத்திய 500 கிலோமீட்டரில் ஸ்பிரிங் படிந்தபிறகு இரண்டாம் முறை வீல் அலைன்மென்ட் செய்தேன். அந்தத் தடத்துக்காக முன்புறத்தை 10 மி.மீ. உயர்த்தப் போகிறேன். அப்படி உயர்த்திக்கொள்ள முடிவதுதான் இந்தப் பொருளின் சிறப்பு என்பது என் வாதம். தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போட்டிருந்தால் இந்த வாய்ப்பே இருந்திருக்காது.

காப்பீட்டு அளவர் எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182அ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத விதத்தில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்துக்குப் பின் வண்டியைப் பார்க்க வரும் என்னைப் போன்றவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தின் உட்புறத்தைத்தான். மஞ்சளும் நீலமுமாக மின்னும் ஸ்பிரிங் உடனே கண்ணில் படும். காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்காமல் பொருத்தியிருந்தால், இழப்பீடு கேட்கும்போது அதுவே முதல் கேள்வியாக வரும்.

தொப்பூர்ப் பயணி எழுதியது:

ஐயா, பதிவுச் சான்றில் வீல்பேஸ், இருக்கை எண்ணிக்கை, எடை எல்லாம் இருக்கின்றன. தரை இடைவெளி இல்லை. அப்படியிருக்க 52ஆம் பிரிவு எப்படிப் பொருந்தும்? மேலும், ஜெர்மனியில் இத்தகைய பாகங்கள் தொழில்நுட்பச் சான்றோடுதான் விற்கப்படுகின்றன.

காப்பீட்டு அளவர் எழுதியது:

52ஆம் பிரிவை வைத்து நீங்கள் வாதிடலாம். அதில் இடமிருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். 182அ(4) பிரிவின் சொற்களோ பதிவுச் சான்றோடு நிற்பவை அல்ல. ஜெர்மன் சான்று பொருளின் தரத்தைக் காட்டும், தருமபுரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது அனுமதியாகாது. இன்னொரு செய்தியும் உண்டு. 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. மன்றம், கூடுதல் வரி விதிக்கத்தக்க பெரிய வண்டி எது என்பதற்கு வைத்த அளவுகளில் ஒன்று, காலியான நிலையில் 170 மி.மீ. தரை இடைவெளி. 204இல் 40 போனால் வரும் 164 மி.மீ. அந்த அளவுக்கும் கீழே போகிறது. அதனால் உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் எந்தக் குணத்துக்காக அவ்வளவு வரி கட்டி அந்த வண்டி வாங்கப்பட்டதோ, அதையே கழற்றி வைக்கிறீர்கள்.

மாந்தோப்பு எழுதியது:

பாரத்தைப் பற்றி நான் முன்பே சொன்னேன், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு ஐந்து பேரும் டிக்கி நிறையச் சீர்வரிசையும் ஏற்றினால் பின்பக்கம் எவ்வளவு இறங்கும் என்று பட்டறைக்காரர் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஓசூர்ப் பட்டறை எழுதியது:

பின் அச்சின் மேல் 250 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 30 நியூட்டன் விசை வேண்டும் என்ற விறைப்பில் ஏறத்தாழ 41 மி.மீ. இறங்கும், விறைப்பை 40 ஆக்கினால் 31. தாழ்த்தியதையும் பாரத்தையும் கூட்டினால் 70 மி.மீ. போய்விடும். அதற்கு மேல் விறைப்பாக்கினால் அம்மா பின்னிருக்கையில் உட்கார மறுப்பார்கள். தருமபுரி நண்பரே, எதையும் வாங்கும் முன் வண்டியைக் கொண்டு வாருங்கள். ஏற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை.

தொப்பூர்ப் பயணி எழுதியது:

நேற்று ஓசூர் போய் வந்தேன். வழியில் பாலக்கோடு பக்கம் இறங்கி மூன்று வேகத்தடைகளை அளந்தேன். 11, 14, 18 செ.மீ. மூன்றுமே குறுகலானவை. மாந்தோப்பு ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறையில் வண்டியை ஏற்றி, விளக்கைப் பிடித்து எனக்கே காட்டினார்கள். பின் இடப்பக்க ஷாக்கின் உடல் முழுக்க எண்ணெய் கசிந்து, அதன் மேல் செம்மண் படிந்து களிமண் பூசியது போல் இருந்தது. கழற்றித் தண்டை அழுத்தியபோது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. பாதித் தூரத்துக்குப் பிறகுதான் பிடித்தது. வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்புற ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பு (லிங்க்) ஒன்றும் ஆடியது. நான்கு ஷாக்குகளும் ரப்பர் புஷ்களும் பழைய உயரத்திலேயே புதிதாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டிய தேவையும் இதில் இல்லை. காயில்ஓவர் ஆசை போகவில்லை. ஆனால் தொப்பூரில் ஆடியது உயரம்தானா என்பதை இப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

கல்குவாரி மகன் எழுதியது:

நல்ல முடிவுதான், ஆனாலும் புது ஷாக் போட்டபின் ஒருநாள் கிருஷ்ணகிரிக்கு வாருங்கள். என் வண்டியையும் உங்கள் வண்டியையும் அதே சூளகிரி வளைவில், அதே வேகத்தில் மாறி மாறி ஓட்டிப் பார்ப்போம். 25 மி.மீ. தாழ்வில் என் கருத்து தவறென்று உங்களுக்குப் பட்டால், இங்கேயே எழுதுகிறேன்.

ஓசூர்ப் பட்டறை எழுதியது:

இருவரும் போகும் முன் நான்கு சக்கரங்களிலும் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, ஒரே எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் எதை எதோடு ஒப்பிட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.