சிறு தொழிலுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு: எடுக்கும்போதும் கிளைமின்போதும் கவனிக்க வேண்டியவை

கிளைம் பிரிவில் இருப்பவர்:

உங்கள் தொழிலால் வெளியார் ஒருவருக்கு அடிபட்டாலோ அவர் பொருள் சேதமானாலோ நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீடு இது. இதன் பாலிசி அட்டவணையில் 'தொழில் விவரம்' என்று ஒரு வரி இருக்கும். கிளைம் வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒருவர் 'பெயின்டர்' என்று மட்டும் எழுதியிருப்பார். பழைய பெயின்டை உரிக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடித்தபோது ஜன்னல் திரை பற்றிக்கொள்ளும். தீ, உஷ்ணம் சார்ந்த வேலை தனியாகக் கேட்கப்படும் விஷயம்; சொல்லாமல் விட்டிருந்தால் கிளைம் அங்கேயே சிக்கும். சொல்லியிருந்தாலும் நிபந்தனைகள் உண்டு: தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட நேரம் காவல் இருக்க வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்று உங்கள் பாலிசியிலேயே பாருங்கள்.

வருடத்துக்கு ஒரே தடவை செய்யும் வேலையாக இருந்தாலும் புரபோசல் படிவத்தில் (பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தில்) எழுதுங்கள். எவ்வளவு உயரம் வரை ஏறுவீர்கள், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவீர்களா, வெளியாட்களை வைத்து வேலை வாங்குவீர்களா என்பதும் அதில் வர வேண்டும். ஏஜென்ட் நிரப்பித் தந்தாலும் வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

காப்பீட்டு ஆலோசகர்:

தொகை பற்றிச் சொல்கிறேன். ஒரு விபத்துக்கு ஒரு வரம்பு, வருடம் முழுவதற்கும் ஒரு வரம்பு என்று இரண்டு இருக்கலாம். வக்கீல் செலவு வரம்புக்கு உள்ளே வருகிறதா, அதற்கு மேல் தனியாகத் தருகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வரம்பு 100 என்றால், உள்ளே வரும் பாலிசியில் வழக்குக்கு 30 செலவானபின் இழப்பீட்டுக்கு மிஞ்சுவது 70தான். பிரீமியம் குறைவாகத் தெரியும் பாலிசிகளில் இதையும், ஒவ்வொரு கிளைமிலும் முதலில் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வெறும் பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பழுதுபார்ப்பு, சுத்தம் செய்யும் தொழில்களுக்குக் காப்பீடு பார்ப்பவர்:

எதற்குப் பணம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்பெட் சுத்தம் செய்ய வந்தவர் தவறான ரசாயனம் ஊற்றிக் கார்பெட்டின் சாயம் போய்விட்டால், அது 'வேலை செய்துகொண்டிருந்த பொருள்' என்று பல பாலிசிகள் விலக்கிவிடும். அதே வாளி கவிழ்ந்து பக்கத்து மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் நனைந்தால் கிளைம் உண்டு. ரிப்பேருக்கு வாங்கி வைத்த பொருளுக்கும் இதே சிக்கல்தான். அதற்குத் தனி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் எழுத்துப்பூர்வமான மாற்றம், கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் கேக் செய்து விற்பவர் ஸ்டால் போட்டிருக்கிறார். மேஜைக் காலில் தடுக்கி ஒருவர் விழுந்தால் அது பொதுப் பொறுப்பு. கேக் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால் அது தயாரிப்புப் பொறுப்பு. இரண்டும் ஒரே பாலிசியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் பணியாளருக்கு அடிபட்டால் அதற்கு வேறு காப்பீடு. தவறான ஆலோசனையால் ஒருவருக்குப் பணம் நஷ்டமானால் அதற்கும் வேறு. வீட்டுக் காப்பீடு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். தொழில் சார்ந்த பொறுப்பை அது பொதுவாக ஏற்பதில்லை.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்:

மண்டபமோ கண்காட்சி அரங்கமோ உங்களுக்குக் காப்பீடு இருப்பதற்கான சர்டிபிகேட் கேட்கும். பில்லில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கடைப் பெயரில் பில் போட்டு, சொந்தப் பெயரில் பாலிசி வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தனிநபர் தொழிலைக் கம்பெனியாக மாற்றியதும் பழைய பாலிசி தானாகப் புதிய கம்பெனிக்கு வந்துவிடாது. அரங்கத்தின் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொன்னால் அதற்கு எண்டார்ஸ்மென்ட் வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

மீண்டும் கிளைம் பிரிவிலிருந்து:

விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள், முதலுதவி செய்யுங்கள், ஆறுதலாகப் பேசுங்கள். ஆனால் 'தப்பு என்னுடையதுதான், முழுச் செலவையும் தந்துவிடுகிறேன்' என்று வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ ஒப்புக்கொள்ளாதீர்கள். பாலிசி நிபந்தனை அதைத் தடுத்திருக்கும். இடத்தை மாற்றி அடுக்கும் முன் படம் எடுங்கள்: தரை, வயர், எச்சரிக்கைப் பலகை இருந்த தூரம், வெளிச்சம். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், உடனே நகல் எடுத்து வையுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களாகப் பதில் போடாமல் அப்படியே அனுப்புங்கள்.

சில பாலிசிகள் விபத்து நடந்த தேதியைப் பார்க்கும். சில, கிளைம் வந்த தேதியைப் பார்க்கும். இரண்டாவது வகையில் தொழிலை மூடிய மறுநாளே பாலிசியை விட்டுவிட்டால், பழைய வேலைக்காக அப்புறம் வரும் கிளைமுக்குக் காப்பு இருக்காது. மூடுவதற்கு முன் நீட்டிப்புக் காலம், அதாவது பாலிசி முடிந்த பிறகு வரும் கிளைமையும் ஏற்கும் காலம், கேட்டு வாங்குங்கள். முதல் வகையாக இருந்தால் காலாவதியான பாலிசிகளையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.