[கலைச்சொல்] அலகு மாற்றும்போது பெருக்கும் அந்தப் பின்னத்துக்கு என்ன பெயர்?

அனுப்பியவர்: பௌதிகவியல் ஆசிரியை, வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம்.

சாதாரண தர மாணவருக்கான துணைநூலில் அலகு மாற்றல் அத்தியாயம் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. மணிக்கு 90 கிலோமீற்றரைச் செக்கனுக்கு மீற்றராக மாற்றப் பிள்ளைகள் 5/18 ஐ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பெருக்குவதா வகுப்பதா என்பது மட்டும் பரீட்சை மண்டபத்தில் மறந்து போகும். 90 × 18/5 = 324 என்று எழுதிவிட்டு, காரொன்று செக்கனுக்கு 324 மீற்றர் ஓடினால் ஏறக்குறைய ஒலியின் வேகம் ஆயிற்றே என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

அலகுகளையும் சேர்த்தே எழுதினால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை:

90 கி.மீ./மணி × (1000 மீ / 1 கி.மீ.) × (1 மணி / 3600 செக்கன்) = 25 மீ/செக்கன்

மேலே உள்ள கி.மீ. கீழே உள்ள கி.மீ.ஐ வெட்டும், மணி மணியை வெட்டும். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டால் அலகு வெட்டுப்படாமல் நின்று பிழையைக் காட்டிக்கொடுக்கும். நான் பெயர் தேடுவது அடைப்புக்குள் நிற்கும் அந்தப் பின்னத்துக்கும், இந்த முறைக்கும். ஆங்கிலத்தில் பின்னத்தை ‘கன்வேர்ஷன் ஃபக்டர்’ என்கிறார்கள். கையில் இருப்பவை: மாற்றற் காரணி, அலகுப் பின்னம், சமவலு விகிதம். மூன்றும் மனதுக்கு ஒட்டவில்லை.

முறைக்கு ‘பரிமாணப் பகுப்பாய்வு’ என்ற பெயர் வேண்டாம். அது உயர்தரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. சமன்பாட்டின் இரு பக்கமும் திணிவு, நீளம், நேரம் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அது. அடியை மீற்றராக்குகையில் பரிமாணம் மாறுவதேயில்லை, இரண்டும் நீளந்தான்.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை

மிஸ், ‘அலகுப் பின்னம்’ என்பதை உடனே விட்டுவிடுங்கள். அந்தப் பெயரில் ஏற்கனவே ஒருவர் குடியிருக்கிறார். தொகுதி 1 ஆக உள்ள 1/2, 1/3, 1/7 போன்றவற்றைத்தான் நமது பாடநூல்கள் கீழ்வகுப்பிலேயே அப்படிச் சொல்கின்றன. ‘சமவலு’வும் அதே கதை: 1/2, 2/4, 3/6 ஆகியவை சமவலுப் பின்னங்கள். ‘ஓரலகு முறை’ என்று யாராவது சொல்லுமுன் அதையும் அடைத்துவிடுகிறேன். ஐந்து கொப்பியின் விலையிலிருந்து ஒரு கொப்பியின் விலைக்குப் போகும் முறைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அந்தப் பெயர்.

‘காரணி’யில் எனக்குள்ள தடை வேறு. 12 இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்று படித்த பிள்ளைக்குக் காரணி என்றால் மீதியின்றி வகுக்கும் முழுவெண். அதே பிள்ளையிடம் 0.3048 ஐக் காட்டி இதுவும் காரணி என்றால் முழிக்கும். அதைவிட, ‘காரணி’ என்றதும் அலகில்லாத தனி எண்தான் மனதில் நிற்கும். நீங்கள் ஒழிக்க நினைப்பதே அந்தத் தனி எண்ணைத்தானே?

மேலும் கீழும் ஒரே அளவு. 1000 மீற்றரும் 1 கிலோமீற்றரும் ஒன்றே, ஆகவே பின்னத்தின் பெறுமானம் 1. ஒன்றால் பெருக்கினால் அளவு மாறாது, அதன் தோற்றமே மாறும். அதனால் ஒருமைப் பின்னம். முறைக்கு அலகுச் சங்கிலி என்று வைக்கலாம், பின்னத்தோடு பின்னம் கோத்துப் போவதால்.

மறுமொழி: கட்டட மதிப்பீடு செய்பவர், தெமட்டகொடை

சேர், சங்கிலி ஆகாது. நில அளவையில் சங்கிலியே ஓர் அலகு: 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பழைய உறுதியும் பிளானும் பார்க்கிறவர்கள் ‘அலகுச் சங்கிலி’யைக் கண்டால் வேறு பொருள் கொள்வார்கள். போதாததற்கு நுண்கணிதத்தில் சங்கிலி விதி வேறு இருக்கிறது. பிள்ளைகள் வாயில் ஏற்கனவே இருக்கும் சொல் ‘வெட்டுறது’. அதையே எடுத்து அலகுவெட்டு முறை என்று வையுங்கள்.

எங்கள் துறையில் அலகு மாற்றல் தினசரி வேலை, அதுவும் இரண்டு உலகத்துக்கு நடுவில். மணல் வருவது கியூப் கணக்கில், ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ரெடிமிக்ஸ் கொங்கிறீற் வருவது கன மீற்றரில். 20 அடிக்கு 15 அடி, 4 அங்குலத் தடிப்பில் ஒரு சிலாப்பை எடுங்கள்:

20 அடி × 15 அடி × 4 அங். × (1 அடி / 12 அங்.) = 100 கன அடி

12 ஆல் வகுக்க மறந்தவர் 1200 என்று எழுதி, பன்னிரண்டு கியூப் கேட்பார். அலகோடு எழுதியிருந்தால் ‘சதுர அடி·அங்குலம்’ என்ற அசிங்கமான அலகு கடைசியில் நின்று கையைப் பிடித்திருக்கும்.

அடுத்த படியில்தான் பலர் விழுகிறார்கள். 100 கன அடியை 0.3048 ஆல் பெருக்கி 30.48 கன மீற்றர் என்பார்கள். எழுதிப் பாருங்கள்: அடி³ × (மீ / அடி). ஓர் அடிதான் வெட்டுப்படும், மிச்சம் அடி² × மீ. பின்னத்தை மூன்று தரம் போடவேண்டும்:

100 அடி³ × (0.3048 மீ / 1 அடி)³ = 2.83 மீ³

30.48 என்பது சரியான விடையைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ஒருமைப் பின்னம் என்ற பெயர் இங்கே நன்றாக உதவும்: ஒன்றின் கனமும் ஒன்றுதான், ஆகவே எத்தனை தரம் போட்டாலும் குற்றமில்லை. ‘காரணி’ என்று சொல்லி இதை விளங்கப்படுத்துவது கடினம்.

காணிக்கும் அப்படியே. 1 பேர்ச் என்பது 16.5 அடிப் பக்கமுள்ள சதுரம், 272.25 சதுர அடி. 12 பேர்ச் காணி 3267 சதுர அடி, அதாவது 303.5 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தார் பரப்பில் சொன்னால் 1 பரப்புக்கு 10 பேர்ச் என்று இன்னொரு பின்னத்தை முன்னால் கோத்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு மூடை சீமெந்து 50 கிலோகிராம் என்பதையும் நாங்கள் இதே மாதிரிப் பின்னமாகப் போட்டு வெட்டுகிறோம். அதன் பெறுமானமும் 1 ஆ?

மறுமொழி: பௌதிகவியல் ஆசிரியை, வெள்ளவத்தை

இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ‘அலகுவெட்டு’ எனக்குச் சம்மதம். வரைபில் ‘வெட்டுத்துண்டு’, தொடைகளில் ‘இடைவெட்டு’ என்று வெட்டு ஏற்கனவே வந்தாலும் இவை ஒன்றோடொன்று மோதாது.

மூடை விடயத்தில் நான் கோடு இப்படிக் கிழிப்பேன். 1 அங்குலம் = 25.4 மில்லிமீற்றர், 1 இறாத்தல் = 0.45359237 கிலோகிராம். இவை 1959 முதல் சர்வதேச உடன்பாட்டால் வரைவிலக்கணமாகவே நிற்பவை, எந்த நாளிலும் எந்தப் பொருளிலும் மாறா. இவற்றிலிருந்து வருவது ஒருமைப் பின்னம். மூடைக்கு 50 கிலோ, ஒரு லீற்றர் எரிபொருளுக்கு 0.8 கிலோ, டொலருக்கு இத்தனை ரூபா எல்லாம் அப்படியல்ல. அவை ஒரு பொருளுக்கு, ஒரு வெப்பநிலைக்கு, ஒரு நாளுக்கு மட்டும் உண்மை. வெட்டும் விதம் ஒன்றுதான், நம்பகம் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1983 யூலை 23 ஆம் திகதி எயார் கனடா 143 ஆம் இலக்க விமானத்துக்கு நடந்தது போதும்.

மொன்றியலில் அந்த போயிங் 767 இன் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. குச்சி வைத்து அளந்ததில் தாங்கியில் 7682 லீற்றர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். எரிபொருள் நிரப்பும் தாளில் 1.77 என்ற எண் இருந்தது. அதை அப்படியே போட்டார்கள்:

7682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8703
8703 ÷ 1.77 = 4917 லீற்றர் ஏற்றினால் போதும்

1.77 என்பது லீற்றருக்கு இறாத்தல். லீற்றருக்குக் கிலோகிராம் என்றால் சுமார் 0.803. சரியான கணக்கு:

7682 லீ × (0.803 கி.கி. / 1 லீ) = 6169 கி.கி.
22,300 − 6169 = 16,131 கி.கி.
16,131 கி.கி. × (1 லீ / 0.803 கி.கி.) = 20,088 லீற்றர்

நான்கில் ஒரு பங்கைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்று, விமானம் மிதந்து போய் கிம்லியில் ஒரு பழைய விமானத்தளத்தில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. 1.77 இன் பக்கத்தில் ‘இறாத்தல்/லீ’ என்று எழுதியிருந்தால், 22,300 கிலோகிராமிலிருந்து 13,597 இறாத்தலைக் கழிக்கும் வரியிலேயே பேனா நின்றிருக்கும்.

1999 இல் செவ்வாய்க் கோள் சுற்றுகலம் தொலைந்தது வேறு வகை. அங்கே ஒரு மென்பொருள் கணத்தாக்கை (விசை × நேரம்) இறாத்தல்-விசை·செக்கனில் கொடுத்தது, மற்றது நியூற்றன்·செக்கன் என்று எடுத்துக்கொண்டது. விடுபட்டது 4.45 நியூற்றன் / 1 இறாத்தல்-விசை என்ற சுத்தமான ஒருமைப் பின்னம். கிம்லியில் பிழைத்தது அடர்த்தி, அதாவது ஒரு வீதம். எனவே இரண்டாவதுக்கு நிபந்தனை வீதம் என்பேன். நாணயமாற்று வீதம் என்று ஏற்கனவே சொல்கிறோம், செவிக்குப் புதிதல்ல.

மறுமொழி: தாதியப் பயிற்றுநர், பொரளை

நிபந்தனை வீதம் எங்களுக்கு உடனே தேவை. 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும் என்று வையுங்கள்:

(1000 மி.லீ. / 8 மணி) × (1 மணி / 60 நிமிடம்) × (20 துளி / 1 மி.லீ.) = நிமிடத்துக்கு 41.7, அதாவது 42 துளி

நடுவில் உள்ளது ஒருமைப் பின்னம், யாரும் மாற்ற முடியாது. கடைசியில் உள்ளது குழாய்த் தொகுதியின் உறையில் அச்சிட்ட வீதம். 15 துளி, 20 துளி, 60 துளி என்று வெவ்வேறாக வரும். 60 துளித் தொகுதியை மாட்டிவிட்டுப் பழக்கத்தில் 42 துளி வைத்தால், 8 மணித்தியாலத்தில் போவது 336 மில்லிலீற்றர்தான். தேவையானது நிமிடத்துக்கு 125 துளி. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் 20 ஐச் சூத்திரத்தின் உறுப்பு என்றே நினைப்பார். ‘நிபந்தனை’ என்ற சொல் பெயரிலேயே இருந்தால், உறையைத் திருப்பிப் பார்க்கக் கை போகும்.

மறுமொழி: மென்பொருள் எழுதுபவர், கொள்ளுப்பிட்டி

ரீச்சர், இரண்டு இடத்தில் இந்த முறையே ஓடாது, அதையும் அத்தியாயத்தில் போடுங்கள். வெப்பநிலை: 37 °செ (செல்சியஸ்) என்பது 98.6 °ப (பரனைற்). எந்தப் பின்னத்தாலும் இது வராது, ஏனென்றால் இரண்டு அளவிடையின் பூச்சியமும் ஒரே இடத்தில் இல்லை. 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டவேண்டும். வெப்பநிலை *வித்தியாசம்* என்றால் மட்டும் 1.8 °ப / 1 °செ என்ற ஒருமைப் பின்னம் செல்லும். மாணவர் வித்தியாசத்துக்கும் 32 ஐக் கூட்டிவிடுவது வழக்கமான பிழை.

மற்றது வாகன எரிபொருள். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்பதை 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று மாற்ற முதலில் நிகர்மாறு எடுக்கவேண்டும்: (1 லீ / 15 கி.மீ.) × 100 கி.மீ. = 6.67 லீ. அலகுவெட்டு இதையும் காட்டிக்கொடுக்கும், எதையாவது கவிழ்க்காமல் கி.மீ. வெட்டுப்படாது.

இன்னொன்று: பில்களில் ‘அலகு’ என்ற சொல். மின்சாரப் பில்லில் அலகு ஒரு கிலோவாற்று-மணி, தண்ணீர்ப் பில்லில் ஒரு கன மீற்றர். பிள்ளைக்கு ‘30 அலகு’ என்று கணக்குக் கொடுத்தால் எந்த அலகு என்று சேர்த்தே கொடுங்கள்.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை

வேறு தடை வராவிட்டால் பதிவுகளை இப்படி எழுதுகிறேன்:

*ஒருமைப் பின்னம்*: தொகுதியும் பகுதியும் வரைவிலக்கணப்படி ஒரே கணியத்தை வெவ்வேறு அலகில் குறிக்கும் பின்னம். பெறுமானம் 1. எ.கா. 60 செக்கன் / 1 நிமிடம்.

*நிபந்தனை வீதம்*: குறித்த பொருள், கருவி அல்லது நாளுக்கு மட்டும் இரு கணியங்களைத் தொடர்புபடுத்தும் வீதம். நிபந்தனையைப் பக்கத்தில் எழுதுக. எ.கா. 20 துளி / 1 மி.லீ. (இந்தக் குழாய்த் தொகுதிக்கு).

*அலகுவெட்டு முறை*: மேற்கண்டவற்றால் பெருக்கி, வேண்டாத அலகுகளை வெட்டி, வேண்டிய அலகை எஞ்சவைத்தல்.

‘ஒருமை’ தமிழ்ப் பாடத்து ஒருமை, பன்மையோடு குழம்பாதா என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். ‘பின்னம்’ கூடவே நிற்பதால் குழம்பாது. இறாத்தல் பாணைப் பயிற்சியில் சேர்ப்பதாக இருந்தால் கவனம், மிஸ்: கடையில் பாணின் நிறை 450 கிராம், இறாத்தல் 453.59 கிராம். 450 கிராம் / 1 இறாத்தல் என்று எழுதினால் அது ஒருமைப் பின்னம் ஆகாது. நிபந்தனை வீதத்தின் கீழ் போடுங்கள், நிபந்தனை ‘பாணுக்கு மட்டும்’. பவுணும் அப்படித்தான். நகைக்கடையில் 8 கிராம், பிரித்தானியத் தங்க நாணயம் 7.988 கிராம்.