18 நாள் பட்டினி கிடந்த திலாப்பியா: தீவனத்தை இரட்டிப்பாக்கலாமா?

பட்டர்வொர்த் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறம் 2,000 லிட்டர் கேன்வாஸ் தொட்டியில் 60 சிவப்புத் திலாப்பியாக்களை வளர்த்து வருகிறேன். அக்காள் மகள் திருமணத்திற்காகத் தமிழ்நாட்டில் இருந்த 18 நாள்களும் தானியங்கிக் கருவி தீவனம் போடும் என்று நம்பியிருந்தேன். ஈரக்காற்றில் தீவனம் உப்பி, முதல் நாளிலேயே அதன் வாய் அடைத்துக்கொண்டது போலும். சராசரியாக 150 கிராம் இருந்த மீன்கள் இப்போது 130 கிராம்தான். தலை பெருத்தும் முதுகு மெலிந்தும் தெரிகின்றன. நான்கு மீன்களின் வாயோரத்தில் பஞ்சு போன்ற வெண்படலம் வேறு. இழந்த எடையை ஈடுகட்டத் தீவனத்தை இரட்டிப்பாக்கலாமா? அந்தப் படலத்துக்கும் பட்டினிக்கும் தொடர்பு உண்டா?

நிபோங் திபால் பண்ணைக்காரர்:
இரட்டிப்பாக்காதீர்கள் ஐயா. தீவனம் விழாத நாள்களில் மீன் வெளியேற்றும் அம்மோனியா குறைந்ததால், அதை உண்டு வாழும் வடிகட்டி பாக்டீரியாக்களும் குறைந்திருக்கும். திடீரென்று அள்ளிப் போட்டால் அம்மோனியா ஏறி, பட்டினிக்குத் தப்பிய மீன் தண்ணீரிலேயே சாகும். குடலின் உட்சுவரும் மெலிந்திருப்பதால் செரிமானம் மெல்லத்தான் திரும்பும். மொத்த எடை 7.8 கிலோ, அதில் 1 விழுக்காடாகிய 78 கிராமை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டு, அம்மோனியாவைச் சோதித்தபடி பத்து நாளில் 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டினியில் மீன் முதலில் கல்லீரலில் சேமித்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தையும், பிறகு கொழுப்பையும், இறுதியில் தசைப் புரதத்தையும் கரைக்கிறது. உங்கள் மீன்களின் முதுகு மெலிந்தது அதனால்தான். நோய் எதிர்ப்புக்கும் புரதம் வேண்டும் அல்லவா? பட்டினி நீளும்போது கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோன் உயர்ந்து இரத்த வெள்ளணுக்களின் செயலை மந்தமாக்கலாம்; தோலின் சளியிலுள்ள லைசோசைம் போன்ற காப்புப் பொருள்களும் குறையக்கூடும். ஆகவே தொடர்பு உண்டு என்றே கருதுகிறேன். ஆனால் அந்தப் படலம் பூஞ்சைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாயோரத்தில் வருவது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய், நுண்ணோக்கியில்தான் உறுதியாகும். நான்கையும் தனித்தொட்டிக்கு மாற்றி, 1,000 லிட்டருக்கு 3 கிலோ கணக்கில் உப்பிடுங்கள்.

சுங்கை பூலோ வாசகர்:
அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பட்டினி எப்போதுமே கேடு என்பதில்லை. வெப்பமான நாள்களில் திலாப்பியாவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தாக்கும்போது தீவனத்தை நிறுத்தி இழப்பைக் குறைக்கும் பண்ணைகள் உண்டு. ஓரிரு நாள் நிறுத்தம் வேறு, 18 நாள் வேறு. தண்ணீர் பச்சையாக இருந்ததா? திலாப்பியா பாசியையும் உண்ணும் என்பதால், அப்படியிருந்தால் முழுப் பட்டினி என்று சொல்ல முடியாது.

பட்டர்வொர்த் வாசகர் (12 நாள்களுக்குப் பின்):
தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மீனைப் பத்து மௌங் மீன்வள ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்ல எண்ணுவதற்குள், படலம் வந்த நான்கில் இரண்டு இறந்துவிட்டன, மற்றவை தேறின. ஆறாம் நாள் அம்மோனியா ஏறியதால் ஒரு நாள் தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். சராசரி எடை 142 கிராம். ஆனால் முந்தித் தின்றவை பெருத்தும் மற்றவை சிறுத்தும் நிற்கின்றன. பிரித்து வளர்க்க வேண்டுமா?

நிபோங் திபால் பண்ணைக்காரர்:
ஆம், இந்த வாரமே பிரித்துவிடுங்கள். மீண்டும் உணவு கிடைத்ததும் மீன் வழக்கத்தைவிட வேகமாக வளர்வது உண்மைதான். ஆயினும் சிறியவற்றைப் பெரியவை தீவனத்தின் அருகே விடாவிட்டால், அவற்றுக்குப் பட்டினி இன்னும் முடியவில்லை என்றே பொருள்.