ரோட்டில் வாங்கிய பாயிண்ட் நர்ஸின் பதிவு எண்ணான பின் நம்பரைத் தொடுமா?

ஸ்டெல்லா (லெஸ்டர்)
வணக்கம். இங்கே பிரிட்டனில் வார்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஜனவரியில் 30 மைல் ரோட்டில் 37ல் போனதாகக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான் வீடு மாறினேன். காரின் பதிவுப் பத்திரத்தில் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கின்றன. இப்போது அங்கே இருக்கும் பெண் ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் விஷயமே தெரிந்தது. வண்டியை ஓட்டியது யார் என்று பதில் அனுப்பாததற்காக, நான் இல்லாமலேயே நீதிமன்றத்தில் வழக்கு முடிந்து, லைசென்ஸில் 6 தண்டனைப் பாயிண்டும் அபராதமும் போட்டிருக்கிறார்கள். அக்டோபரில் எனக்கு ரீவேலிடேஷன், அதாவது நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நர்ஸ்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் என்.எம்.சி.யிடம் இதைச் சொல்ல வேண்டுமா? கூட வேலை பார்க்கும் தோழி, "ரோட்டு விஷயத்துக்கும் பின் நம்பருக்கும் என்ன சம்பந்தம், சும்மா இரு" என்கிறாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

ஜெபராஜ் (க்ராய்டன்)
உங்கள் தோழி சொல்வதுதான் சரி. நானும் இரண்டு முறை கேமராவில் மாட்டினேன். 100 பவுண்டு கட்டினேன், 3 பாயிண்ட் வாங்கினேன், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று என்.எம்.சி.யே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் மருந்து மாற்றிக் கொடுத்தீர்களா, நோயாளியை அடித்தீர்களா? ஒரு கடிதம் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். நீங்களே போய்ச் சொன்னால் விசாரணை என்று ஒன்று தொடங்கும், அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. விசாவில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பே பெரிய தண்டனை.

கலாவதி (கிளாஸ்கோ)
தம்பி, நீங்கள் சொல்லும் விலக்கு உண்மைதான். ஆனால் அது நீதிமன்றம் போகாமல் கட்டி முடித்த நிலையான அபராதத்துக்கு மட்டும். அதிலும்கூட, ஓட்டும் உரிமையைத் தடை செய்யும் அளவுக்குப் போனால் சொல்லியாக வேண்டும். ஸ்டெல்லாவுடையது அபராதச் சீட்டு இல்லை, நீதிமன்றத் தீர்ப்பு. என்.எம்.சி.யின் நடத்தை விதிகளில் 23.2 என்ன சொல்கிறது? குற்றம் சாட்டப்பட்டாலே, தீர்ப்புக்குக் காத்திருக்காமல், முடிந்தவரை சீக்கிரம் என்.எம்.சி.க்கும் வேலை கொடுத்தவருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. அக்டோபர் வரை காத்திருக்கும் விஷயமே இல்லை இது.

ஸ்டெல்லா, இரண்டு கேள்வி. இந்த நாட்டு டிரைவிங் டெஸ்ட் எப்போது பாஸ் ஆனீர்கள்? கடிதக் கட்டு கைக்கு வந்தது எந்தத் தேதி? இரண்டும் முக்கியம், உடனே சொல்லுங்கள்.

ஜெபராஜ் (க்ராய்டன்)
அக்கா, அப்படியானால் அநியாயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ரோடு, ஒரே 37 மைல். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கடிதம் வருகிறது, பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார். புதிதாக வந்த நர்ஸ் முதலில் ஆஸ்பத்திரி விடுதியில் இருப்பார், அப்புறம் நாலு பேரோடு ஒரு வீடு, அப்புறம் குடும்பம் வந்ததும் வேறு வீடு. கடிதம் தவறுவது யாருக்கு? அவருக்குத்தான். அவர் மட்டும் பதிவை நினைத்துப் பயப்பட வேண்டுமா? வார்டில் எப்படி வேலை செய்கிறார் என்பதற்கும் இதற்கும் துளியும் தொடர்பில்லை. இதைக் கேட்கும் உரிமையே அவர்களுக்கு இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அகிலன் (ஹாரோ)
ஜெபராஜ் அண்ணா, வேகத்துக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாப் போக்குவரத்துக் குற்றத்தையும் ஒரே பைக்குள் போடாதீர்கள். நான் வீடு வீடாகப் போகும் கம்யூனிட்டி நர்ஸ், ஒரு நாளில் பாதி நேரம் காரில்தான். இங்கே இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராமுக்கு மேல் மது இருந்தால் குறைந்தது 12 மாதம் ஓட்டத் தடை. கலா அக்கா இருக்கும் ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து அது 22தான். அந்த நிலையில் ஒருவர் காலை ஏழு மணிக்கு இன்சுலின் போட என் அம்மாவின் வீட்டுக்கு வந்தால், அதைக் கேட்கும் உரிமை எனக்கு வேண்டும்.

மது அருந்தி ஓட்டிய எல்லோரையும் என்.எம்.சி. ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வேலை நேரத்திலா, வேலைக்குப் போகும் வழியிலா, ஆன் கால் நேரத்திலா, விபத்து நடந்ததா, இரண்டாவது தடவையா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

ஜெபராஜ் (க்ராய்டன்)
மதுவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை தம்பி. அதைக் கேட்கட்டும். இந்தப் பெண்ணை ஏன் அந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள்?

கலாவதி (கிளாஸ்கோ)
நிறுத்துவது நாங்கள் இல்லை. அவர் மறைத்தால் அவரே போய் நின்றுவிடுவார், அதுதான் என் பயம். இந்த 6 பாயிண்டுக்காக யாரும் பதிவைப் பிடுங்கப் போவதில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை ரீவேலிடேஷன் படிவத்தில் தண்டனை உண்டா என்று கேட்கிறார்கள். "இல்லை" என்று போட்டுக் கையெழுத்து வைத்தால், அந்த நிமிடம் அது ரோட்டு விஷயம் இல்லாமல் நேர்மை பற்றிய கேள்வியாகிறது. மருந்து அட்டையில் நாம் வைக்கும் கையெழுத்தை நம்பித்தானே ஒரு நோயாளி மாத்திரையை விழுங்குகிறார்? பொய் நிரூபணமானால் எச்சரிக்கை முதல் ஒரு வருட இடைநீக்கம் வரை போகலாம், பெயரை நீக்கவும் செய்யலாம். நீக்கினால் ஐந்து வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

முகவரி விஷயத்தில் நீங்கள் சொன்ன அநியாயம் உண்மை, ஜெபராஜ். அதை நான் மறுக்கவில்லை. அதற்கு வழி வழக்கை மறுபடி திறக்க வைப்பது. ஒளித்து வைப்பது வழியே இல்லை.

ஸ்டெல்லா (லெஸ்டர்)
டெஸ்ட் பாஸ் ஆகி 14 மாதம் ஆகிறது அக்கா. கடிதம் கைக்கு வந்து இன்றோடு 9 நாள்.

கலாவதி (கிளாஸ்கோ)
நல்ல வேளை கேட்டேன். டெஸ்ட் பாஸ் ஆன இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகும். மறுபடி கற்றுக்கொள்பவர் லைசென்ஸ், மறுபடி டெஸ்ட். அது தெரியாமல் நாளைக்கு டியூட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனால், இன்ஷூரன்ஸும் சேர்ந்து சிக்கலாகிவிடும். ரத்தாகிவிட்டதா என்று உறுதியாகத் தெரியும்வரை காரை எடுக்காதீர்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கு நடந்ததே தெரியாது என்று சட்டப்படி உறுதிமொழி கொடுக்கலாம். தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பழைய தீர்ப்பு செல்லாமல் போய், வழக்கு முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. வழக்கு மறுபடி தொடங்கினாலும் குற்றச்சாட்டு அப்படியேதான் இருக்கும், அதனால் என்.எம்.சி.க்கு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜெபராஜ் (க்ராய்டன்)
இந்த 21 நாள் விஷயம் எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா, முதலில் அதைச் செய்யுங்கள். சும்மா இருங்கள் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். விதி தவறு என்பதில் என் கருத்து மாறவில்லை, ஆனால் அந்தச் சண்டையை உங்கள் பதிவை வைத்துப் போடக் கூடாது.

அகிலன் (ஹாரோ)
எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள் அக்கா. எந்தத் தேதியில் வீடு மாறினீர்கள், கடிதம் எப்போது கிடைத்தது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள், இவ்வளவு போதும். வீட்டு ஒப்பந்தத்தின் நகல் இருந்தால் இணையுங்கள். யூனியனில் இருந்தால் அனுப்பும் முன் அவர்களிடம் ஒரு முறை காட்டுங்கள்.

ஸ்டெல்லா (லெஸ்டர்)
ஒப்பந்தம் இருக்கிறது, தேதியோடு. இன்றைக்கு நைட் டியூட்டிக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். காலையில் முடிந்ததும் மேனேஜரிடம் நேரில் சொல்லிவிட்டு, அப்படியே நீதிமன்றத்துக்குப் போன் செய்கிறேன்.