வழி சொன்னதற்குச் சுங்கமா? வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பிளெக்ஸ் கேட்கும் கட்டணம் பற்றி ஒரு விவாதம்

கம்பிவடம்:
வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த படங்களைக் கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்க்க உதவும் மென்பொருளான பிளெக்ஸின் கட்டண மாற்றத்தைப் பற்றிய முந்தைய இழையில் நிலாமுற்றம் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: "வெளியிலிருந்து பார்க்கும் படம் பிளெக்ஸின் சர்வர் வழியாகத்தான் வருகிறது, அந்தச் செலவை யார் கொடுப்பது?" நான்கு பேர் அதை ஆமோதித்தும் விட்டார்கள். தவறான ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது பேசாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தத் தனி இழை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சொந்த சர்வரில் நாமே சேர்த்து வைத்திருக்கும் படங்களை வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே இருந்து பார்ப்பது பல ஆண்டுகளாக இலவசமாக இருந்தது. 2025 மார்ச்சில் அறிவித்து, ஏப்ரல் 29 முதல் அதைக் கட்டணத்துக்குள் கொண்டுபோனார்கள். சர்வர் வைத்திருப்பவர் பிளெக்ஸ் பாஸ் என்ற சந்தாவை வாங்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கிறவர் அப்போதைய விலையில் மாதம் 1.99 டாலர் கொடுத்து ரிமோட் வாட்ச் பாஸ் வாங்க வேண்டும். அதே நாளில் பிளெக்ஸ் பாஸின் மாதக் கட்டணம் 4.99 டாலரிலிருந்து 6.99 ஆகவும், ஆண்டுக் கட்டணம் 39.99இலிருந்து 69.99 ஆகவும், ஆயுள் சந்தா 119.99இலிருந்து 249.99 ஆகவும் ஏறின.

வட்டு என்னுடையது, மின்சாரக் கட்டணம் என்னுடையது, அப்லோட் வேகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவனும் நானே. படம் என் சர்வரிலிருந்து நேராக என் கைபேசிக்குப் போகிறது. பிளெக்ஸின் கணினிகள் செய்வதெல்லாம் இரு முனைகளுக்கும் ஒன்றின் முகவரியை மற்றதற்குச் சொல்லி அறிமுகப்படுத்துவது மட்டுமே. வழி சொன்னவர் சாலை முழுவதற்கும் சுங்கம் கேட்பதை என்னால் ஏற்க முடியாது.

நிலாமுற்றம்:
என் பெயரைச் சொல்லித் தனி இழையே தொடங்கியிருப்பதால் பதில் எழுதுகிறேன். ரிலே என்ற ஏற்பாட்டைப் பற்றிக் கம்பிவடம் ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நேரடி இணைப்பு கிடைக்காதபோது படம் பிளெக்ஸின் சர்வர் வழியாகத்தான் போகிறது. இன்று பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அவர்கள் தங்கள் ரவுட்டரில் பிளெக்ஸுக்கான இணைப்பு வாயிலான 32400ஆம் போர்ட்டை எவ்வளவு திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அவர்களுக்கு ரிலேயை விட்டால் பிளெக்ஸில் வேறு கதி இல்லை.

அறிமுகம் "மட்டுமே" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 2015 முதல் ஒவ்வொரு பயனரின் சர்வருக்கும் தனித்தனி டி.எல்.எஸ். சான்றிதழை இலவசமாக வழங்கி, வெளியிலிருந்து வரும் இணைப்பை மறையாக்கம் செய்து காப்பதும் அந்த "மட்டுமே" என்பதற்குள் அடங்கியதுதான். அதைத் தாமாகச் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கம்பிவடம்:
ரிலேயைப் பற்றி எழுதவில்லை என்கிறீர்கள், எழுதுகிறேன். இலவசப் பயனருக்கு ரிலேயில் விதிக்கப்பட்டிருந்த உச்ச வேகம் விநாடிக்கு 1 மெகாபிட், பணம் கட்டியவருக்கு 2 மெகாபிட். ஒரு புளூரே வட்டிலுள்ள காட்சிக்கு 40 மெகாபிட் வரை தேவைப்படும். அதை அந்த ஒற்றை மெகாபிட்டுக்குள் அடங்கச் சுருக்கித் தருவதும் என் வீட்டுக் கணினியின் பிராசஸரே, பிளெக்ஸின் கணினி அன்று.

ஆனால் என் கேள்வி ரிலே இருக்கிறதா இல்லையா என்பதன்று. நீங்கள் முதலில் எழுதியது "சர்வர் வழியாகத்தான் வருகிறது" என்று. இப்போது எழுதுவது "நேரடி இணைப்பு கிடைக்காதபோது" என்று. அந்தத் "தான்" எங்கே போயிற்று? வேறு வழி எதுவும் இல்லாமல் அனைவருடைய படமும் அவர்கள் வழியாகவே போகிறது என்பதே அந்த ஒற்றை இடைச்சொல்லின் பொருள். அது தவறு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், பிறகு சான்றிதழைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

ஏழாம்படி:
நான் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆயுள் சந்தா வாங்கியவன். சர்வர் வைத்திருப்பவரிடம் பாஸ் இருந்தால், அவரோடு பகிர்ந்து பார்க்கும் உறவினரும் நண்பர்களும் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதால் இந்த மாற்றம் என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் தொடவே இல்லை. அப்போதே வாங்கிவிடுங்கள் என்று இதே குழுவில் நான் எழுதியதற்கு, "ஆயுள் என்பது யாருடைய ஆயுள், நிறுவனத்தின் ஆயுளா?" என்று கேட்டவர் கம்பிவடம். அன்று 119.99 டாலரை மிச்சம் பிடித்தவர் இன்று இருமடங்குக்கு மேல் விலையைப் பார்த்துக் கோபப்படுவதில் எனக்கு வியப்பில்லை.

கம்பிவடம்:
அன்று நான் கேட்டதை இன்றும் கேட்கிறேன், அதில் மாற்றமில்லை. இலவசமாக இருந்த ஒன்றை ஒரே அறிவிப்பில் எடுத்துவிட முடிகிறவர்கள், ஆயுள் சந்தாவுக்குள் இன்று இருக்கும் ஒன்றை நாளை வெளியே எடுத்து வேறு பெயரில் விற்க மாட்டார்கள் என்பதற்கு உங்களிடம் என்ன உறுதி இருக்கிறது? நண்பர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சேர்ந்து பார்க்கும் வசதியையும் இதே காலத்தில் கைவிட்டார்களே, அதற்காக உங்களுக்கு ஒரு காசாவது திரும்பி வந்ததா?

நிலாமுற்றம் இன்னும் "தான்" பற்றிப் பேசவில்லை.

பெட்டகம்:
நீங்கள் அனைவரும் இதே வேலையைச் செய்யும் ஜெல்லிஃபின் என்ற திறந்த மென்பொருள் ஒன்று இல்லாததுபோல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எம்பி (Emby) என்ற இதே வகை மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதன் கடைசித் திறந்த பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது அது. கணக்கு தொடங்க வேண்டியதில்லை, யாருடைய கணினியும் நடுவில் இல்லை, பணம் கட்டினால்தான் திறக்கும் பூட்டும் எங்கும் இல்லை. பிளெக்ஸ் பாஸ் இல்லாமல் கிடைக்காத வன்பொருள் டிரான்ஸ்கோடிங்கூட (படத்தைச் சுருக்கும் வேலையைக் கணினியின் கிராபிக்ஸ் சில்லிடம் விடுவது) அதில் இலவசம். வயர்கார்டு போன்ற வி.பி.என். மென்பொருளால் வீட்டுக்கு ஒரு தனிவழியை அமைத்துக்கொண்டால் வெளியிலிருந்தும் பார்க்கலாம். இந்தச் சண்டைக்கே தேவை இருக்காது.

நிலாமுற்றம்:
பெட்டகம் எழுதியதே என் வாதத்துக்குச் சான்று. "ஒரு தனிவழியை அமைத்துக்கொண்டால்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். வெளியூரில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவருக்கு அந்தத் தொலைக்காட்சியில் வயர்கார்டை நிறுவிக் கொடுத்துப் பாருங்கள். அந்த மூன்று சொல்லின் விலை அப்போது தெரியும். பிளெக்ஸில் அவர் செய்ய வேண்டியது உள்நுழைவது ஒன்றுதான். மனிதர்களுக்கு அந்த எளிமையைச் செய்து கொடுத்தவர்கள் அதற்கு விலை கேட்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விலையை ஏற்றாமல் இருந்தவர்கள் அவர்கள். கைபேசிச் செயலியில் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முன்பு வாங்கிய ஒருமுறைக் கட்டணத்தையும் இதே அறிவிப்பில் நீக்கினார்கள். அதை மட்டும் கம்பிவடம் தன் முதல் பதிவில் வசதியாக விட்டுவிட்டார்.

பெட்டகம்:
உள்நுழைவதைப் பெரிய வரமாகச் சொல்கிறீர்கள். 2022 ஆகஸ்டில் அந்த உள்நுழைவுத் தகவல்கள் வெளியாரிடம் சிக்கியதால் அனைவரும் கடவுச்சொல்லை மாற்றும்படி அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பரில் மீண்டும் அதே கதை. என் வீட்டு வட்டில் இருக்கும் படத்தைப் பார்க்க என் மின்னஞ்சல் முகவரி இன்னொருவர் கணினியில் ஏன் கிடக்க வேண்டும்?

ஏழாம்படி:
போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, மென்பொருளைப் புதுப்பிக்காமல் தூங்குகிறவர்களின் சர்வர்களைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினால் நன்றாக இருக்கும்.

கம்பிவடம்:
ஜெல்லிஃபின் பற்றிய பேச்சை வேறோர் இழைக்கு எடுத்துச் செல்லுமாறு பெட்டகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் நிலாமுற்றத்துக்கு ஒரு வெளியேறும் கதவு கிடைத்துவிடுகிறது.

கைபேசிக் கட்டணத்தை நீக்கியதை நான் மறைக்கவில்லை. ஒருமுறை கட்டி முடித்துவிடும் சிறு தொகையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மாதாமாதம் கட்ட வேண்டிய ஒன்றை வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. பிளெக்ஸ் தொடங்கியதே எக்ஸ்பிஎம்சி என்ற திறந்த மென்பொருளை மேக் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சியாகத்தான். பல தன்னார்வலர்களின் உழைப்பின்மேல் நின்று வளர்ந்தவர்கள், 2019 இறுதியில் விளம்பரத்தோடு கூடிய இலவசப் படங்களையும், அடுத்த ஆண்டு நேரலைத் தொலைக்காட்சியையும் சேர்த்தார்கள். நம்மில் பலர் அவற்றைக் கேட்கவே இல்லை. அவர்களுடைய கணினியிலிருந்து உண்மையிலேயே படத்தை அனுப்பும் அந்தச் சேவை இன்றும் இலவசம். என் கணினியிலிருந்து நானே எனக்கு அனுப்பிக்கொள்ளும் படத்துக்குக் கட்டணம். இதை யாராவது எனக்கு விளக்க முடியுமா?

நிலாமுற்றம்:
விளம்பரம் வருமானம் தருகிறது, உங்கள் படம் தருவதில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எக்ஸ்பிஎம்சியின் பயனர் முகப்புக்கும் இன்றைய பிளெக்ஸ் சர்வருக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று தெரியாமல் "தன்னார்வலர் உழைப்பு" என்று எழுதுவது அந்தச் சர்வரை எழுதியவர்களை அவமதிப்பதாகும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அதை நான் கடந்து போக மாட்டேன்.

கம்பிவடம்:
நான் யாரையும் அவமதிக்கவில்லை. புதிதாக ஒன்றைச் செய்து அதற்கு விலை வைத்திருந்தால் நானே முதல் ஆளாக வாங்கியிருப்பேன். பத்தாண்டாகத் திறந்திருந்த கதவில் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை விற்பது புதிய பொருள் ஆகாது. உங்கள் தொழிலை நான் மதிக்கிறேன். உங்கள் வரியை மதிக்க முடியவில்லை. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். வெளியிலிருந்து பார்க்கும் படம் எப்போதும் பிளெக்ஸின் சர்வர் வழியாகத்தான் வருகிறதா, இல்லையா?

நிலாமுற்றம்:
ரிலேயில் இருப்பவருக்கு ஆம். உங்களுக்கு நேரடி இணைப்பு கிடைத்திருப்பது உங்கள் நல்வாய்ப்பு, அதை உலகின் விதியாக்காதீர்கள். நான் எழுதிய வரியைத் திருத்தப் போவதில்லை.

ஏழாம்படி:
நானும் நேரடி இணைப்பில்தான் பார்க்கிறேன். ஆனாலும் நிலாமுற்றத்தின் பக்கமே நிற்கிறேன்.

கம்பிவடம்:
"ரிலேயில் இருப்பவருக்கு" என்ற இந்த இரண்டு சொற்களை முதல் நாளே எழுதியிருந்தால் இந்த இழையே தோன்றியிருக்காது. அவை அந்த வரியில் சேரும் வரை நான் இங்கேதான் இருப்பேன். நேரடி இணைப்பில் பார்ப்பவர்கள் தங்கள் படம் ரிலே வழியாக வருகிறதா இல்லையா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். ஏழாம்படி, நீங்களே முதலில் எழுதலாம்.