இரும்பு-56க்கு பிணைப்பு ஆற்றல் 8.55 வருது, விடைல 8.79ன்னு இருக்கு. எங்க தப்பு?

மல்லி_அம்மா (இரவு 8.10)
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு பன்னெண்டாவது, நாளன்னிக்கு இயற்பியல் டெஸ்ட். நான் படிச்சது பி.எஸ்சி. மேத்ஸ், இயற்பியல் எல்லாம் விட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனாலும் கணக்குதானேன்னு உக்காந்தேன், ரெண்டு பேரும் ஒன்றரை மணி நேரமா ஒரே கணக்குல மாட்டிட்டு நிக்கறோம்.

இரும்பு-56ன் ஒரு நியூக்ளியானுக்கான (புரோட்டான், நியூட்ரான் ரெண்டுக்கும் பொதுப் பேரு) பிணைப்பு ஆற்றல் கேட்டிருக்கு. நாங்க போட்டது இது:

புரோட்டான் 26 × 1.007276 = 26.189176
நியூட்ரான் 30 × 1.008665 = 30.259950
கூட்டினா 56.449126
இரும்பு நிறை 55.934936 (கணக்குலயே குடுத்திருக்கு)
நிறை குறைபாடு 0.514190
அதை ஆற்றலா மாத்த 931.494ஆல பெருக்கினா 478.965 எம்ஈவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்), 56ஆல வகுத்தா 8.553

விடைல 8.79ன்னு போட்டிருக்கு. கூட்டல் பெருக்கல் மூணு தடவை சரிபாத்தாச்சு. இதே முறைல இதுக்கு முந்தின ஹீலியம் கணக்கு அச்சு அசலா சரியா வந்துச்சு (28.295, ஒரு நியூக்ளியானுக்கு 7.07), அதுதான் தலைய பிச்சுக்க வைக்குது. கைடுல விடை தப்பா?

ரவுண்ட்ஆஃப்_ராஜா
சிஸ்டர் இது ரவுண்டிங் பிரச்சனைதான், புக்ல 931.5 போட்டிருப்பாங்க, அதை போட்டு பாருங்க சரியாயிடும்

மல்லி_அம்மா
போட்டேன் தம்பி. 478.968 வருது, வகுத்தா அதே 8.553. ஒண்ணும் நகரல.

ரவுண்ட்ஆஃப்_ராஜா
அப்ப கைடு தப்பு 😅 எங்க கைடுலயும் நிறைய பிரிண்டிங் மிஸ்டேக் இருக்கும்

லேப்_அண்ணாச்சி
தம்பி, கைடு மேல பழி போடுறதுக்கு முன்னால கொஞ்சம் பொறுங்க. 8.79 சரியான விடைதான், அதுல சந்தேகமே வேண்டாம்.

அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்த ஹீலியம் கணக்குல ஹீலியத்தோட நிறைன்னு என்ன குடுத்திருக்கு, 4.0015ஆ, 4.0026ஆ? பக்கத்துல எழுத்துல என்ன போட்டிருக்குன்னும் பாத்து சொல்லுங்க.

மல்லி_அம்மா
4.001506. "ஆல்ஃபா துகளின் நிறை"ன்னு இருக்கு சார்.

லேப்_அண்ணாச்சி
மாட்டிக்கிட்டு. அங்கனதான் விஷயம் இருக்கு.

ஆல்ஃபா துகள்னா ஹீலியத்தோட வெறும் உட்கரு. எலக்ட்ரான் ஒண்ணுகூட கிடையாது. நீங்க வெறும் புரோட்டானையும் வெறும் நியூட்ரானையும் கூட்டி, அதுல இருந்து வெறும் உட்கருவைக் கழிச்சீங்க, ரெண்டு பக்கமும் எலக்ட்ரான் இல்ல, கணக்கு டக்குன்னு நின்னுட்டு. இரும்புக்கு குடுத்திருக்க 55.934936 உட்கரு நிறை கிடையாது, அது அணு நிறை. அட்டவணைல பாத்தாலும் எப்பவும் அணு நிறைதான் இருக்கும், ஏன்னா பட்டியல் போடுறவங்க நடுநிலை அணுவுக்குத்தான் போடுவாங்க. அந்த 55.934936க்குள்ள 26 எலக்ட்ரானும் உக்காந்திருக்கு. நீங்க கூட்டின பக்கத்துல எலக்ட்ரானே இல்ல, கழிக்கிற பக்கத்துல 26 எலக்ட்ரான். அப்ப நிறை குறைபாடு குறைச்சலாத்தான வரும்?

நான் சொல்லுறத நம்ப வேண்டாம், நீங்களே ஒரு சோதனை போட்டுப் பாருங்க. 8.79ஐ 56ஆல பெருக்கி மொத்த ஆற்றல் எடுங்க, அதுல இருந்து உங்க 478.965ஐக் கழிங்க, வர்ற மீதிய 26ஆல வகுங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க.

மல்லி_அம்மா
8.79 × 56 = 492.24. கழிச்சா 13.275. 26ஆல வகுத்தா 0.5106. இது என்ன எண்ணு?

பொண்ணு பக்கத்துல இருந்து கத்தறா "அம்மா அது எலக்ட்ரானோட நிறை ஆற்றல்மா 0.511"ன்னு 😳

லேப்_அண்ணாச்சி
பிள்ளைக்கு ஒரு சபாஷ் சொல்லிருங்க. தப்பு எவ்வளவுன்னு பாத்தாலே தப்பு எதுன்னு தெரிஞ்சிரும். ரவுண்டிங் பிழைன்னா இப்படி அளவெடுத்த மாதிரி 26 எலக்ட்ரானுக்கு சமமா வராது.

இப்ப சரி பண்ணுறது சுலபம். புரோட்டான் நிறைக்குப் பதிலா ஹைட்ரஜன் அணுவோட நிறை 1.007825ஐப் போடுங்க. ஹைட்ரஜன் அணுன்னா ஒரு புரோட்டான் கூட ஒரு எலக்ட்ரான். 26 ஹைட்ரஜன் போட்டா 26 எலக்ட்ரான் தன்னால வந்துரும், அந்தப் பக்கம் இரும்பு அணுல இருக்க 26ஓட அடிபட்டுப் போயிரும்.

26 × 1.007825 = 26.203450
30 × 1.008665 = 30.259950
கூட்டல் 56.463400
கழிச்சா 0.528464
× 931.494 = 492.26 எம்ஈவி
÷ 56 = 8.790

இன்னொரு வழி, அணு நிறைல இருந்து 26 × 0.000549ஐக் கழிச்சு உட்கரு நிறைய எடுத்துக்கிட்டு பழைய முறைலயே போடலாம். விடை ஒண்ணுதான், ஆனா ஒரு கழித்தல் கூடுதல், பிள்ளைங்க அங்கன ஒரு சைபரை விட்டுருதாங்க. நான் முப்பத்தோரு வருஷம் பேப்பர் திருத்துன அனுபவத்துல சொல்லுதேன், ஹைட்ரஜன் வழிதான் நல்லது.

நிக்கல்_62
சார் ஒரு சின்ன திருத்தம், எலக்ட்ரான்களுக்கும் அணுவோட ஒரு பிணைப்பு ஆற்றல் இருக்கே, அது முழுசா அடிபடாதுல்ல?

லேப்_அண்ணாச்சி
அடிபடாதுதான். ஆனா இரும்புக்கு 26 எலக்ட்ரானையும் உரிச்சு எடுக்க மொத்தமா சில பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான் ஆகும். இங்க நாம பேசுறது 492 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பன்னெண்டாவது பிள்ளைய இப்ப அதுல இழுக்காதீங்க.

மல்லி_அம்மா
ரொம்ப நன்றி சார். 8.790 வந்துடுச்சு!! ஆனா இன்னொரு தலைவலி. பரீட்சைல கால்குலேட்டர் கிடையாது, லாக் டேபிள்தான். இவ்வளவு டெசிமல் வேணுமா? இவ மூணு டெசிமலுக்கு சுருக்கிப் போட்டா 9.03ன்னு வருது.

ரவுண்ட்ஆஃப்_ராஜா
பாத்தீங்களா கடைசில ரவுண்டிங் பிரச்சனைதான்னு நான் அப்பவே சொன்னேன் 😎

லேப்_அண்ணாச்சி
ஹாஹா, தம்பி விடமாட்டாரு.

கழிக்கிற வரைக்கும் ஆறு டெசிமலையும் விடக்கூடாதும்மா. காரணம் இதுதான், 56.46ல இருந்து 55.93ஐக் கழிக்கீங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எண், மிஞ்சுறது அரை யூனிட். பெரிய எண்ணுல ஒரு சதவீதம் பிழைன்னா மிஞ்சுறதே இருக்காது. ஒவ்வொரு புரோட்டானுக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டா அது 26 மடங்கா பெருகும், நியூட்ரான் பிழை 30 மடங்கு. அதான் 0.528 போயி 0.543 வந்துட்டு. லாரிய டிரைவரோட எடை போட்டு, டிரைவர இறக்கிட்டு மறுபடி எடை போட்டு, டிரைவர் எடைய கண்டுபிடிக்கிற கதைதான் இது, எடைமேடை துல்லியமா இருக்கணும்.

கழிச்சு முடிச்ச பிறகு சுருக்கலாம், தப்பில்ல. 0.5285 × 931.5ன்னு வச்சுக்கிட்டு டேபிளுக்குப் போங்க. 5.285க்கு 7230, 9.315க்கு 9692. சிறப்பியல்பு (லாக்கோட முழு எண் பகுதி) மைனஸ் ஒண்ணு, ரெண்டு. கூட்டினா 2.6922, எதிர்மடக்கை 492.3. போதும். கூட்டலும் கழித்தலும் கையாலதான் பண்ணணும், அதுக்கு லாக் கிடையாது (சிரிக்காதீங்க, கழித்தலுக்கும் லாக் போட்ட பேப்பர் நான் பாத்திருக்கேன்).

யாழ்_இலத்திரன்
நல்ல விளக்கம் ஐயா. நாங்கள் இஞ்ச நிறை, ஆற்றலைத் திணிவு, சக்தி எண்டு படிக்கிறனாங்கள், ஆனா பிழை விடுற இடம் ஒண்டுதான். கிலோகிராமில செய்து பாக்க விருப்பமெண்டா அதே 0.528464ஐ 1.6605 × 10இன் அடுக்கு -27ஆல பெருக்கி, ஒளியின்ர வேகத்தின்ர வர்க்கத்தாலயும் பெருக்கினா ஏறத்தாழ 7.89 × 10இன் அடுக்கு -11 ஜூல் வரும். அதை 1.602 × 10இன் அடுக்கு -13ஆல பிரிச்சா திரும்ப 492தான். வர்க்கத்தை மறக்காதேங்கோ, நான் ஒருக்கா மறந்து விடையைப் பாத்து ஒரு மணித்தியாலம் முழிச்சனான்.

மல்லி_அம்மா
இப்ப இது என் கேள்வி இல்ல, பொண்ணு கேக்கச் சொல்றா. பிணைப்பு ஆற்றல் அதிகமா இருந்தா உட்கரு நிலையானதுன்னு புக்ல இருக்கு. ஆற்றல் அதிகமா இருந்தா அது வெடிச்சுட்டு வெளிய வரத்தானே பாக்கணும், எப்படி நிலையா இருக்கும்? எனக்கும் இதுக்கு பதில் தெரியல.

லேப்_அண்ணாச்சி
நல்ல கேள்வி, முக்காவாசி பேர் இதைக் கேக்காமலே மார்க் வாங்கிட்டுப் போயிருதாங்க.

பேருதான் குழப்புது. பிணைப்பு ஆற்றல்னு சொன்னதும் உட்கருக்குள்ள ஏதோ மூட்டை கட்டி வச்சிருக்குன்னு தோணும். அது உள்ள இல்ல. அது ஏற்கனவே வெளிய போயிட்டு. நியூக்ளியான் எல்லாம் ஒண்ணு சேரும்போது வெளிய விட்ட ஆற்றல் அது, அதுக்குத் தக்கன நிறையும் குறைஞ்சு போச்சு. இப்ப அதைப் பிரிக்கணும்னா போனதை முழுசா திருப்பிக் குடுக்கணும்.

பேங்க்ல கிடக்க டெபாசிட்டுன்னு நினைக்காதீங்க, கட்ட வேண்டிய கடன்னு நினைங்க. இரும்புல ஒவ்வொரு நியூக்ளியான் தலையிலயும் சராசரியா 8.79 எம்ஈவி கடன். அவ்வளவையும் கட்டாம ஒருத்தனும் கூட்டத்தை விட்டு வெளிய வர முடியாது. கடன் ஜாஸ்தின்னா கட்டு ஜாஸ்தி.

ரவுண்ட்ஆஃப்_ராஜா
அப்ப யுரேனியம் பிளக்கும்போது ஆற்றல் வருதே அது எப்படி சார், கடன்காரன் கைல காசு ஏது

லேப்_அண்ணாச்சி
இது உருப்படியான கேள்வி தம்பி.

யுரேனியம்-235ல தலைக்கு 7.59. அது ரெண்டா உடைஞ்சா வர்ற நடுத்தர உட்கருக்கள்ல தலைக்கு சுமாரா 8.5. அதாவது உடைஞ்ச பிறகு ஒவ்வொருத்தனும் இன்னும் ஆழமான கடன்ல விழுதான். புதுசா கடன் வாங்கினா கைக்குப் பணம் வரும்ல, அந்த வித்தியாசம்தான் வெளிய வருது. தலைக்கு 0.9ன்னு வச்சா 235 பேருக்கு 200 எம்ஈவிக்குக் கொஞ்சம் மேல. புக்ல 200 எம்ஈவின்னு போட்டிருக்கது இதுதான். ஹைட்ரஜன் சேந்து ஹீலியம் ஆகுறதும் இதே கதை, எதிர்ப்பக்கத்துல இருந்து. ரெண்டு பக்கம் இருந்தும் இரும்பு இருக்க திசைக்குத்தான் சரியும்.

யாழ்_இலத்திரன்
ஐயா, இது எல்லாம் கணக்கிலதானே வருது. உண்மையா ஒரு கருவைப் பிரிச்சுப் பாத்து அளந்தவையோ?

லேப்_அண்ணாச்சி
அளந்தாங்க. 1934ல கேம்பிரிட்ஜ்ல சாட்விக், கோல்தாபர்னு ரெண்டு இயற்பியலாளர்கள். டியூட்ரான்னு ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் உள்ள உட்கரு, அது மேல தோரியம் வரிசைல இருந்து வர்ற காமாக் கதிரை விட்டாங்க, அதோட ஆற்றல் 2.62 எம்ஈவி. டியூட்ரான் ரெண்டா பிரிஞ்சுது.

இப்ப நம்ம கணக்கைப் போடுங்க. 1.007825 + 1.008665 - 2.014102 = 0.002388. பெருக்கினா 2.224. கடன் 2.22, கைல 2.62 இருந்துது, கட்டிட்டு வெளிய வந்தாச்சு. மிச்சம் 0.4 புரோட்டானும் நியூட்ரானும் ஓடுற வேகமாப் போயிட்டு. திருப்பியும் பாக்கலாம், மெதுவா வர்ற நியூட்ரானை ஹைட்ரஜன் பிடிச்சா சரியா அந்த 2.22 எம்ஈவி காமாவா வெளிய வருது. அணு உலைல வேலை பாக்குறவங்களுக்கு அது பழகின காமாக் கோடு.

அந்த 2.62 காமாவைத் தேடி கேம்பிரிட்ஜ் போக வேண்டாம். எங்க ஊருக்குத் தெக்க மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்குல்லா, அதுல தோரியம் உண்டு, அது சிதைஞ்சு சிதைஞ்சு தாலியம்-208 ஆகி, அந்தத் தாலியம் ஈயம்-208ஆ சிதையும்போது அதே காமா வருது.

நிக்கல்_62
எல்லாம் சரி, ஒண்ணு சொல்லாம போக முடியாது, என் பேரே அதுதான். தலைக்கு அதிக பிணைப்பு ஆற்றல் இரும்பு-56க்கு இல்ல, நிக்கல்-62க்கு, 8.795. இரும்பு-58க்கு 8.792. இரும்பு-56 மூணாவதுதான். இரும்பு-56க்கு நியூக்ளியானுக்கு சராசரி நிறை எல்லாத்தையும் விட குறைவு, ஏன்னா அதுல புரோட்டான் விகிதம் அதிகம், புரோட்டான் நியூட்ரானை விட லேசு. ரெண்டையும் குழப்பித்தான் "இரும்பே உச்சம்"னு எல்லா இடத்துலயும் எழுதிடறாங்க.

மல்லி_அம்மா
ஐயோ தம்பி, டெஸ்ட்ல என்ன எழுதணும்?

நிக்கல்_62
இரும்பு, 8.8ன்னு எழுதச் சொல்லுங்க அக்கா 😔 திருத்தறவங்க கைல இருக்கறது புக்குதான்

மல்லி_அம்மா (ரெண்டு நாள் கழிச்சு)
டெஸ்ட் முடிஞ்சு வந்துட்டா. லித்தியம்-7 கேட்டிருந்தாங்களாம். நிறை 7.016003, கூட ஹைட்ரஜன் அணு நிறையும் புரோட்டான் நிறையும் ரெண்டுமே குடுத்து வச்சிருந்தாங்களாம், கிளாஸ்ல பாதிப் பேர் புரோட்டானை எடுத்துட்டாங்க, இவ ஹைட்ரஜனைத்தான் எடுத்திருக்கா. 0.042132, பெருக்கி 39.25 எம்ஈவி. சரியா சார்?

லேப்_அண்ணாச்சி
ரொம்பச் சரி. 7ஆல வகுத்தா 5.61.

மல்லி_அம்மா
அங்கதான் சார். வகுக்க மறந்துட்டாளாம். கேள்வில "ஒரு நியூக்ளியானுக்கு"ன்னு தடிச்ச எழுத்துல இருந்துச்சாம்.

லேப்_அண்ணாச்சி
அட பிள்ளையே. ஸ்டெப் மார்க் உண்டும்மா, திட்டாதீங்க.

ரவுண்ட்ஆஃப்_ராஜா
39.25க்கும் 5.61க்கும் வித்தியாசம் ரவுண்டிங்னு சொல்லி பாக்க சொல்லுங்க